பெட்டி மாமாவின் கடைசிப் பாகம்

பஸ்தியாம்பிள்ளை அண்ணனுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எங்கள் கோயில் பங்கில் சொல்வார்கள். அது சரியில்லை. அவருக்கும் சிரிப்பு வரும். முகம்தான் அதற்கு இடங்கொடாது. கன்னம் இரண்டும் தொங்கி, கண்ணுக்குக் கீழே பை கட்டி, இப்போதுதான் யாரோ துக்கச் செய்தி சொல்லிவிட்டுப் போனது போல எந்த நேரமும் இருப்பார்.

வாவிக்கரையில் உள்ள ஐஸ் கம்பனியில் முப்பத்தொரு வருசமாக அவருக்கு வேலை. ஐஸ் கட்டிகளைத் தகரப் பெட்டியிலிருந்து கழற்றி, அரைக்கிற மெசினுக்குள் தள்ளி, மீன் லொறிகளுக்கு அள்ளிப் போட வேண்டும். அந்த மெசின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அண்ணன் கத்துவதில்லை.

"மெசினுக்கு மேலால கத்தினா ஒருத்தருக்கும் விளங்காது கா. கீழால கதைக்க வேணும்" என்று ஒருநாள் எனக்குச் சொன்னார்.

அப்படிக் கதைத்துக் கதைத்தே அவருடைய குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல ஆகிவிட்டது. தாழ்ந்த, ஒரே மட்டமான, களைத்த குரல். ஆனால் முற்றத்தில் கடைசிக் கதிரையில் இருக்கிறவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்கும்.

அந்தக் குரலுக்காகத்தான் முன்பு இருந்த பாதர் ஒருவர் செத்த வீடுகளில் செபமாலை சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தார். அது இருபது வருசத்துக்கு முந்திய கதை. எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் முதலில் சவப்பெட்டிக்குச் சொல்வார்கள். இரண்டாவது பஸ்தியாம்பிள்ளை அண்ணனுக்குச் சொல்வார்கள். அதற்குப் பிறகுதான் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போன் போகும். அவர் வந்து பெட்டியின் தலைமாட்டில் நின்று சிலுவை அடையாளம் போட்டால், அதுவரை அழ முடியாமல் ஓடித் திரிந்தவர்களுக்கும் அழுகை வரும். நானும் மரியாயின் சேனை என்ற செபக் கூட்டத்தில் இருப்பதால் அவருக்குப் பின்னால் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அவருடைய வீடும் என்னுடைய வீடும் ஒரே ஒழுங்கையில், நடுவில் ஒரு வேலிதான். ஆகவே இதில் அனேகமானதை நான் கண்ணால் கண்டேன், மிச்சத்தை அவருடைய மனைவி றீற்றா அக்கா வேலியால் சொன்னார்.

நாலு வருசத்துக்கு முன் சுஜீவன் என்ற பிள்ளையின் தகப்பன் இறந்துபோனார். சுஜீவன் நாடகம் படித்தவன். சின்னச் சின்னப் படங்கள் எடுத்துக்கொண்டு திரிந்தான். தகப்பனின் கால்மாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்த பிள்ளை, செபம் தொடங்கியதும் தலையை நிமிர்த்தி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அண்ணன், கொழும்புச் சனல் ஒண்டுக்கு ஒரு தொடர் நாடகம் செய்யப் போறன். அதில நீங்கதான் பெரிய ஆள்."

"எனக்கு நடிக்கத் தெரியாது தம்பி."

"நடிக்க வேணாம். செபம் சொல்லுற மாதிரிக் கதைச்சாப் போதும்."

"என்ன கதை?"

"செத்துப்போன ஒரு ஆள் நாலாம் நாள் எழும்பி வாறார்."

நாலாம் நாள் என்றதும் அண்ணனுக்கு, ஆண்டவர் கல்லறையிலிருந்து எழுப்பிய லாசர் ஞாபகம் வந்துவிட்டது. கேட்ட எனக்கும் அப்படித்தான். பெரிய வெள்ளிக்குக் கோயில் வளவில் போடும் திருப்பாடுகளின் காட்சியில் அண்ணன் பதினைந்து வருசம் அரிமத்தியா ஊர்ச் சூசையாக நின்று ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கியவர். இதுவும் அந்த மாதிரி ஒரு வேதக் காரியம் என்று நினைத்துக்கொண்டார். நாடகத்தின் பெயர் 'பெட்டிக்குள்ள ஆள் இல்ல' என்று சுஜீவன் சொன்னபோது அண்ணனுக்கு இன்னும் நல்லதாகப் போய்விட்டது. உயிர்த்த ஆண்டவரின் வெறுங் கல்லறையைத்தான் பிள்ளை அப்படிச் சொல்கிறான் என்று றீற்றா அக்காவுக்கு விளக்கம் வேறு கொடுத்தார். பாதரிடம் போய் ஆசீர்வாதம் வாங்கினார். ஞாயிறு பூசை முடிந்து படம் பிடிக்கப் போகுமுன் முழங்காலில் இருந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

சுஜீவனும் அவரைத் திருத்தவில்லை. திருத்தினால் அந்த முகம் போய்விடும் என்று பயந்தேன் என்று பிறகு அவனே சொன்னான்.

நாடகம் பார்க்காதவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒரு மாமா செத்துப்போகிறார். நாலாம் நாள் எழும்பி, தன்னுடைய பெட்டியைத் தானே தோளில் சுமந்துகொண்டு ஊரெல்லாம் திரிகிறார். ஒரு வீட்டுக் குசினிக்குள் வாவி வந்து முழங்கால் மட்டும் தண்ணீர் நிற்கிறது. வீட்டுக்காரி அதைக் கவனிக்காமல் தேங்காய் துருவுகிறாள். பள்ளிக்கூடத்து வாங்கில்களில் கெளுத்தி மீன்கள் வரிசையாக இருந்து பாடம் படிக்கின்றன. மாமா கந்தோர் ஒன்றில் வரிசையில் நிற்கிறார். அங்குள்ளவர், "செத்த ஆக்கள் புதன்கிழமை வரணும்" என்று திருப்பி அனுப்புகிறார். மாமா எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் பெட்டிக்குள் அவரே படுத்திருப்பார். செபம் முடிந்து சனம் ஆமென் சொல்லப் போகிற நேரம் பெட்டிக்குள்ளிருந்து எழும்பி, "ஆமென் சொல்லாதீங்க, நான் இன்னும் முடிக்கல்ல" என்பார்.

அந்தச் சொல்லை அண்ணன் முழு விசுவாசத்தோடு சொன்னார். அதுதான் வினையாகப் போனது.

முதலாவது அங்கம் வந்த ஞாயிறு, பங்கு மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் போட்டார்கள். அண்ணன் வெள்ளைச் சேர்ட் போட்டு முன்வரிசையில் பாதருக்குப் பக்கத்தில் இருந்தார். மாமா பெட்டியிலிருந்து எழும்பியதும் மண்டபம் அதிர்ந்தது. சனம் கதிரையை விட்டு விழுந்து சிரித்தது. பாதரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அண்ணன் மட்டும் கிறுகிப் பின்னால் பார்த்தார். எனக்கு நேரே குனிந்து கேட்டார்.

"ஏன் கா சிரிக்கிறாங்க? பின்னுக்கு ஏதும் நடந்ததா?"

நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் பொறுத்துக்கொள்ளட்டும்.

பத்திரிகைகள் எழுதின. 'சிரிக்காமலே நாட்டைச் சிரிக்க வைக்கும் கலைஞர்' என்று ஒன்று. 'இப்படி ஒரு முகம் இத்தனை நாள் எங்கே இருந்தது' என்று இன்னொன்று. அண்ணனின் மகள் டினுஷா, ஆசிரியப் பயிற்சிக்குப் போகிற பிள்ளை, ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினாள். "நான் ஆரையும் சிரிக்க வைக்கல்லயே மகள்" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்படியென்றால் இரண்டாம் பாகத்துக்கு ஏன் போனார் என்று கேட்பீர்கள். றீற்றா அக்காவும் கேட்டார். "வாக்குக் குடுத்திட்டன். தகப்பன் இல்லாத பிள்ளைக்கிட்ட ஏலாது எண்டு எப்படிச் சொல்லுற?" என்றார். அவ்வளவுதான். இரண்டாம் பாகம் முதலாவதை விடவும் ஓடியது. கட்டாரிலும் கனடாவிலும் பார்த்தார்கள். கடைத்தெருவில் சின்னப் பிள்ளைகள் "பெட்டி மாமா, பெட்டி மாமா" என்று சைக்கிளுக்குப் பின்னால் ஓடினார்கள். அவர் நின்று அவர்களுக்குக் கையசைப்பார்.

செத்த வீடுகளில்தான் அது தொடங்கியது. முதலில் ஒரு மூலையில் ஒருவர். பிறகு ஐந்தாறு பேர். அவர் வாயைத் திறந்து 'அருள் நிறைந்த மரியே' என்றால், சனம் மறுமொழி சொல்லி ஆமெனுக்கு வரும்போது ஒரு மாதிரித் தயங்கும். எதையோ எதிர்பார்க்கும். பிறகு மூக்கால் சிரிப்பு வெடிக்கும். அண்ணன் பொறுத்துக்கொண்டார்.

ஒரு வீட்டில் பத்தொன்பது வயதுப் பிள்ளை மோட்டார்சைக்கிளில் அடிபட்டுச் செத்திருந்தான். செபத்தின் நடுவில் படலையடியில் நின்ற யாரோ ஒருவன் மாமாவின் குரலில் அந்தச் சொல்லை மெதுவாகச் சொன்னான். பத்துப் பேர் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த தாய் தலையை நிமிர்த்தினாள். சிரித்தவர்களை அவள் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி பெட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அண்ணன் செபத்தை முடித்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியையும் குடிக்காமல் வந்துவிட்டார். "இனி நான் போகல்ல" என்று றீற்றா அக்காவிடம் சொன்னார்.

அதன் பிறகு செத்த வீடுகளில் போனில் பதிந்த செபமாலையை ஸ்பீக்கரில் போடத் தொடங்கினார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அண்ணன் வேலையால் வந்து கட்டிலில் சாய்வார். கோயிலில் துக்க மணி அடித்தால் எழும்பி இருப்பார். செருப்பைக் காலால் தேடுவார். பிறகு ஞாபகம் வந்து, அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வேலியால் எட்டி, "என்ன அண்ணன், சரியாக் களைச்சுப் போனீங்க?" என்று கேட்டேன்.

"வேலை செய்த களை எண்டா படுத்தாப் போகும் தங்கச்சி. இது போகுதில்ல" என்றார்.

இப்படியிருக்க, சுஜீவன் மூன்றாம் பாகத்துக்கு வந்தான். றீற்றா அக்கா அவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒரு செத்த ஆள எத்தின தரம் தம்பி சாகடிப்பீங்க?"

"இதோட முடியுது அக்கா. கடைசிப் பாகம்."

"நல்லம். இவர விட்டுட்டு முடிங்க. வீட்டில ஒரு பிரேதம் போதும் எனக்கு. சாப்பிடுதும் இல்ல, கதைக்குதும் இல்ல."

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருக்கச் சொன்னார். நான் றீற்றா அக்காவிடம் கறிவேப்பிலை வாங்க வந்து நின்றேன்.

"தம்பி, வாறன். ஒண்டே ஒண்டு கேட்பன்."

"கேளுங்க அண்ணன்."

"என்னை அடக்கம் பண்ணுங்க."

சுஜீவனுக்கு விளங்கவில்லை.

"அந்த மாமாவ. கடைசி அங்கத்தில ஒழுங்கா அடக்கம் பண்ணுங்க. முழுச் செபமும் சொல்லி. எழும்பக் கூடாது. பகிடி இருக்கக் கூடாது. பெட்டி இறங்கி மண் விழுறத சனம் கண்ணால காணணும். இந்த ஆள் செத்துப்போயிட்டார், இனி வரமாட்டார் எண்டு தெரிஞ்சாத்தான் என்னை விடுவாங்க. நான் செத்த வீடுகளுக்குப் போகணும் தம்பி. அது என்ட வேல."

பகிடி இல்லாத பகிடித் தொடரை யார் பார்ப்பார்கள் என்று சுஜீவனுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும், "சரி அண்ணன், செய்வம்" என்றான். என்னுடைய அபிப்பிராயம், அவனுக்குத் தன்னுடைய தகப்பனின் நாள் ஞாபகம் வந்திருக்கும்.

கடைசி அங்கத்தைக் கல்குடாவுக்குக் கிட்ட, கடற்கரை மணலில் உள்ள ஒரு சேமக்காலையில் எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று நானும் றீற்றா அக்காவும் போனோம். பெட்டிக்குள்ளும் மாமா, வெளியே தலைமாட்டில் நின்று செபம் சொல்வதும் மாமா. அந்த விசித்திரம் ஒன்றைத்தான் சுஜீவன் விட்டுவைத்தான். மற்றபடி எல்லாம் எங்கள் வழமைதான். பெட்டி இறங்கியது. ஆளுக்கு மூன்று கைப்பிடி மண் போட்டோம். கால் சுடுகிற மணலில் திரும்பி நடந்தோம். படம் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி அழுதாள். இருபது நிமிசம், ஒரு பகிடி இல்லை.

கடைசிப் பாகம் முழுவதுமே அந்த முடிவுக்கு ஏற்றபடி அடங்கித்தான் போயிருந்தது. வாவி எந்தக் குசினிக்குள்ளும் வரவில்லை. மீன்கள் பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டன. மாமா வீடு வீடாகப் போய் விடைபெறுகிறார், அவ்வளவுதான். சனம் முதலில் பொறுமையாக இருந்தது. கடைசி அங்கம் வந்த அடுத்த நாளே வெடித்துவிட்டது.

டினுஷா சாப்பாட்டு மேசையில் போனை வைத்து வாசித்தாள். 'இரண்டு பாகம் நம்மைச் சிரிக்க வைத்த தொடர், மூன்றாவதில் தானே பெட்டிக்குள் படுத்துவிட்டது' என்று ஒரு வாரப் பத்திரிகை. கட்டாரில் இருந்து ஒரு பிள்ளை, 'வேலை முடிஞ்சு களைச்சு வந்து பாத்தா செத்த வீடு காட்டுறாங்க. எங்களுக்கு ஊரில செத்த வீடு இல்லையா?' என்று எழுதியிருந்தான். விரிவுரையாளர் ஒருவர் ஏதோ கனவின் தர்க்கம், யதார்த்தத்தின் வீழ்ச்சி என்று நீட்டியிருந்தார்.

"என்னவாம் அவர்?" என்று அண்ணன் கேட்டார்.

"வாவி குசினிக்குள்ள வரல்லயாம் அப்பா. அதுதான் கவலையாம்."

"சிரிச்சாராமா?"

"இல்ல. ஒரு இடத்திலயும் சிரிப்பு வரல்லயாம்."

"நல்லம்."

ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு கேள்விதான். நல்லதா கெட்டதா என்று கேட்கவில்லை. சிரித்தார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றால் நல்லம் என்றார். "ஊரே வைய்யுது, இந்த மனுசன் நல்லம் நல்லம் எண்டு கணக்கெடுக்குது" என்று றீற்றா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்தக் கிழமை அண்ணன் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஐஸ் கம்பனிக்கு வருகிற காத்தான்குடி மீன் வியாபாரி நளீர் தம்பியும் விடவில்லை. அண்ணனே அதை எனக்குச் சொன்னார். கூடையை ஆட்டிக்கொண்டு வந்தாராம்.

"மாமா! மௌத்தாகிற எண்டா முன்கூட்டிச் சொல்லிப்போட்டு மௌத்தாகணும். பொஞ்சாதி, புள்ளயள், மாமி எல்லாரும் சிரிக்கவெண்டு குந்தியிருந்தம். கடைசியில மாமி மௌத்தானவங்களுக்கு ஓதுற மாதிரி யாசீன் ஓதத் தொடங்கிட்டா."

"நீங்க சிரிக்கல்லயா தம்பி?"

"சிரிப்பா? எங்கட வாப்பாட மையித்த எடுத்த நாள் ஞாபகம் வந்து, நான் எழும்பி வெளிய போயிட்டன். எங்கட ஞாயித்துக்கிழமைய நாசமாக்கிப் போட்டீங்க. அதுக்குத் தண்டம் ரெண்டு கூடை ஐஸ் கூடுதலாப் போடுங்க."

அண்ணன் மூன்று கூடை போட்டாராம்.

அடுத்த கிழமை சுஜீவன் வந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. சனல்காரர் போன் எடுப்பதில்லையாம். அடுத்த தொடருக்கு எழுதி வைத்திருந்த கதையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். குற்றம் சொல்லும் குரலில் அவன் கதைக்கவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"நீங்க கேட்டதக் குடுத்தன் அண்ணன். எனக்கும் அது நல்லதாத்தான் தெரிஞ்சிச்சு. இப்பயும் தெரியுது. எண்டாலும் களைச்சிட்டன். கொஞ்ச நாளைக்கு மச்சான்ட கடையில நிக்கப் போறன்."

அவன் போன பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, "எனக்காகச் செஞ்சு அந்தப் பிள்ளை விழுந்திட்டான் கா" என்றார். சோற்றை மறுபடி பாதியில் விட ஆரம்பித்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் றீற்றா அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறித் தேற்றாத்தீவுக்குப் போனார். கைவிடப்பட்ட காரியங்களுக்கு அங்குள்ள புனிதர் யூதா ததேயுவிடம்தான் நாங்கள் போவது. சுஜீவனுடைய பெயரைச் சொல்லி மெழுகுதிரி கொளுத்தினார். தனக்கென்று ஒரு திரியும் கொளுத்தவில்லை என்று றீற்றா அக்கா சொன்னார்.

மூன்றாம் கிழமை கொழும்புப் பத்திரிகை ஒன்றில் முழுப்பக்கம் வந்தது. எழுதியவர் பெரிய விமர்சகராம். அவர் ஒரு படத்தை நல்லது என்று சொன்னால் மற்றவர்களும் சொல்வார்களாம். டினுஷா துள்ளிக்கொண்டு வந்து வாசித்தாள். நானும் நின்றேன்.

'தமிழ்த் தொலைக்காட்சியில் இதுவரை வந்த மிகப் பெரிய பகிடி இந்தக் கடைசி அங்கம்தான். தன் சவத்துக்குத் தானே செபம் சொல்கிறார் ஒரு மனிதர், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல். இப்போது எழும்புவார், இப்போது எழும்புவார் என்று காத்திருக்கிறோம். அவர் எழும்பவே இல்லை. எழும்பாததுதான் பகிடி. மண் விழுந்தபோது நான் கண்ணீர் வரச் சிரித்தேன்.'

டினுஷா கடைசி வரியை வாசித்துவிட்டுத் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. போனை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

"அதையும் சிரிச்சிட்டாங்களா?" என்றார் அண்ணன்.

அவர் கோபப்படவில்லை. ஐஸ் கட்டி தூக்கித் தூக்கித் தோல் மரத்துப்போன உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பக்கத்தோடு ஊர் மாறிவிட்டது. வைதவர்கள் எல்லோரும் கடைசிப் பாகத்தை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். 'இப்பதான் விளங்கிச்சு' என்று எழுதினார்கள். சிரித்தார்கள். பெட்டி இறங்குகிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போனுக்குப் போன் அனுப்பினார்கள். சுஜீவனின் போன் ஓயாமல் அடித்தது. வேறொரு சனல் அவனைக் கூப்பிட்டது. அவன் தாடியை மழித்துக்கொண்டு, கேக் ஒன்றும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். அண்ணன் அவனுடைய தலையில் கை வைத்தார். மனசார வைத்தார், அதை நான் கண்டேன்.

"அண்ணன், புதுத் தொடருக்கு நீங்க வரணும்."

"இல்ல தம்பி. நீ நல்லா வா. உன்ட பேரச் சொல்லித்தான் கேட்டன், கிடைச்சிட்டு. எனக்கு அது போதும்."

"உங்களுக்கு?"

"அந்த மாமாவ மூட நாங்க போட்ட மண்ணும் காணாமப் போச்சு" என்றார் அண்ணன்.

அப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் ஒழுங்கைக் கடைசி வீட்டுத் திரேசம்மா இறந்துபோனார். எண்பத்தொரு வயது. மூன்று வருசமாகக் கண் தெரியாது. அவருடைய மகன் றொனால்ட் காலையிலிருந்து பந்தல், கதிரை, பெட்டி என்று ஓடித் திரிந்தவன், பின்னேரம் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணன், நீங்கதான் வந்து செபம் சொல்லணும்."

"போனில போடுங்க மகன். நான் வந்தாச் சனம் சிரிக்கும்."

"சிரிக்கும்தான். நானே உங்கட கடைசி அங்கத்த ரெண்டாந்தரம் பாத்துச் சிரிச்சனான். பொய் சொல்லல்ல."

"புறகென்ன?"

"அம்மாக்குக் கண் தெரியாதே. ரீவியில உங்கட குரலத்தான் கேட்டவ. நாங்க ஏன் சிரிக்கிறம் எண்டு அவக்கு விளங்கல்ல. எங்கள வைவா. கடைசி அங்கத்துக்கு மட்டும் கட்டிலில இருந்தே முழு மறுமொழியும் சொன்னவ. தன்ட நாளுக்கும் இந்த மனுசன்தான் வரணும் எண்டு சொல்லிட்டுத்தான் போனவ."

அண்ணன் றீற்றா அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளே போய் வெள்ளைச் சேர்ட்டை எடுத்து வந்து கதிரைச் சட்டத்தில் போட்டார்.

ஆறு மணி போல் தொடங்கியது. முற்றம் நிறையச் சனம். அவர் தலைமாட்டில் வந்து நின்றதுமே பின்னால் குசுகுசுப்பு. சிலுவை அடையாளம் போட்டார். விசுவாச மந்திரம் சொன்னார். முதலாவது அருள் நிறைந்த மந்திரத்தின் ஆமெனுக்குச் சனம் தயங்கியது. தயங்கி, வெடித்தது. வாலிபப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், இரண்டு மூன்று பெண்கள். றொனால்டின் தங்கச்சி கோபத்தோடு எழும்பப் பார்த்தாள். அண்ணன் கையால் இருக்கச் சொன்னார். சத்தம் அடங்கும்வரை நின்றார். பிறகு இரண்டாவதைத் தொடங்கினார்.

இரண்டாவதற்கும் சிரித்தார்கள். மூன்றாவதற்கும் சிரித்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, மாதாவே இந்த மனிதனைக் கைவிடாதேயும் என்று கேட்டேன். வேறென்ன செய்ய?

ஆனால் செபமாலையில் ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மந்திரம் இருக்கிறது. அதை நாடகத்தில் காட்ட முடியாது. முதலாம் பத்து மந்திரம் முடியும்போது சிரித்தவர்கள் நாலைந்து பேர்தான். இரண்டாம் பத்தில் நுளம்பு வந்து கடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். வாய் தன்பாட்டில் மறுமொழி சொல்லப் பழகிவிட்டது. மூன்றாம் பத்தில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி, கூடச் சிரிக்க ஆள் இல்லாமல் நிறுத்திக்கொண்டான். அண்ணனின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மெசினுக்குக் கீழால் வருகிற அதே குரல். நாலாம் பத்தில் முற்றம் முழுவதும் ஒரே மூச்சாக மறுமொழி சொன்னது. ஆமெனுக்கு யாரும் எதையும் காத்திருக்கவில்லை. அடுத்ததற்குப் போனார்கள்.

ஐந்தாம் பத்து நடக்கும்போது றொனால்ட், அதுவரை பந்தலுக்கு லைட் இழுக்கிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவன், அப்படியே தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டான். தலையைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு, பெரிய ஆம்பிளைப் பிள்ளை, வாய்விட்டு அழுதான். அண்ணன் நிறுத்தவில்லை. நித்திய இளைப்பாற்றி கேட்கும் செபத்தையும் சொல்லி முடித்து, பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, ஒரு கதிரையில் போய் இருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தார்.

"எடுக்கிறது எத்தின மணிக்கு?" என்று றொனால்டின் தங்கச்சியிடம் கேட்டார்.

"நாளைக்கு மூண்டரைக்கு மாமா."

"கம்பனியில அரைநாள் லீவு சொல்லிப்போட்டு வந்திருவன்."

நானும் அண்ணனும் ஒழுங்கையால் மெதுவாக நடந்து வந்தோம். படலையடியில் றீற்றா அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"புறகு?"

"புறகு களைச்சிட்டாங்க" என்றார் அண்ணன்.

கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து சோறு கேட்டாராம். இரண்டாந்தரமும் போடச் சொல்லிச் சாப்பிட்டதாக அடுத்த நாள் காலையில் அக்கா வேலியால் எனக்குச் சொன்னார்.